மாதிரியோடு ஒத்துப்போகாத செம்புத் தோடுகள்: சுத்தியல் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் வீட்டு மாடி அறையில் நகைப் பட்டறை நடத்துகிறார் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பொறியியல் படித்துவிட்டு வேலைக்குப் போனவர், வார இறுதி வகுப்பு ஒன்றில் உலோக நகை வேலை கற்றுக்கொண்டு பிறகு அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். உதவிக்கு நாத்தனார் வருவார். செம்பு, பித்தளை, 92.5 வெள்ளி மூன்றிலும் வேலை செய்கிறார்கள். கல் பதிப்பதோ நகாசு வேலையோ அவர்களிடம் கிடையாது. தகட்டை வெட்டி, சுத்தியலால் மேற்பரப்பில் குழிக்குழியாக அடித்து, பளபளப்பேற்றிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. வாங்குகிறவர்கள் அந்த அடித்த மேற்பரப்புக்காகவே வாங்குகிறார்கள்.

வேறு ஊர்க் கடை ஒன்று இரண்டு மாதிரிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. ஒன்று, 35 மில்லிமீட்டர் அகல வட்டச் செம்புத் தோடு, கொக்கியில் தொங்குவது. இன்னொன்று, வாய் திறந்த வெள்ளிக் காப்பு. இரண்டிலும் குழிகள் அகலமாக, ஆழமில்லாமல், ஒன்றின் ஓரம் அடுத்ததில் கரைந்து நிற்கும். வெளிச்சத்தில் திருப்பினால் காற்று தொட்ட குளத்துத் தண்ணீர் மாதிரி மின்னும். கடைக்காரருக்குப் பிடித்துப்போய், 40 ஜோடித் தோடும் 15 காப்பும் கேட்டார்.

மாதிரிகளை அவர் செய்தது பயிற்சி வகுப்பில், வகுப்புக்குச் சொந்தமான சுத்தியலால். ஆர்டர் வந்த பிறகுதான் தனக்கென்று சுத்தியல்கள் வாங்கினார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. சுத்தியல் என்றால் சுத்தியல்தானே என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல் தவணை

வாங்கியவை மூன்று. ஹார்டுவேர் கடையில் 100 கிராம், 500 கிராம் என்று இரண்டு பால் பீன் சுத்தியல்கள். இவற்றில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. மூன்றாவது, ஆன்லைனில் வாங்கிய, முகத்தைக் கழற்றி மாற்றும் சுத்தியல். கோடு, கட்டம், புள்ளி என்று வெவ்வேறு வடிவம் செதுக்கிய முகங்கள் அதனுடன் வந்தன.

கூடவே தகட்டையும் மாற்றினார். மாதிரித் தோடு 20 கேஜ் தகட்டில் செய்தது. நம் ஊரில் செம்புத் தகடு விற்கிற கேஜ் கணக்குப்படி அது 0.91 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் வட்டம் அந்தத் தடிமனில் கிட்டத்தட்ட 7.8 கிராம் வரும். நாள் முழுக்கக் காதில் போட இது கனம் என்று நினைத்து 22 கேஜுக்கு, அதாவது 0.71 மில்லிமீட்டருக்கு இறங்கினார். எடை 6.1 கிராமாகக் குறைந்தது. அணிகிறவரின் காதை நினைத்து எடுத்த முடிவு இது. நானும் இதையே சொல்லியிருப்பேன்.

100 கிராம் சுத்தியலின் உருண்டை முனையால் தோடுகளை அடித்தார்கள். அடிக்க அடிக்க வட்டம் கிண்ணமாகக் குழிந்தது. அதை நேராக்க 500 கிராம் சுத்தியலின் தட்டை முகத்தால் மேலே தட்டினார்கள். காப்புகளுக்கு ஆரம்பம் முதலே 500 கிராம்தான்.

முதல் தவணையாகப் போனது 18 ஜோடித் தோடும் 6 காப்பும். ஒரு வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. "மாதிரி மாதிரி இல்லை, கைக்குச் சொரசொரப்பாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டை விரலால் தடவினால் அப்படித்தான் இருந்தது.

பார்த்தபோது கண்டவை

உலோக வேலை கற்றுத்தருவது என் தொழில் என்பதால் பொருள்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். செல்வபுரம் பக்கம் வெகுகாலம் தங்க வேலை செய்து ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டோம். எழுதுவதற்கு எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்துவிட்டேன்.

10 மடங்கு லென்ஸில் முதலில் கண்ணில் பட்டவை பிறைக் கீறல்கள். நகம் பதிந்ததுபோல அரைவட்ட வெட்டுகள், பெரும்பாலும் தோட்டின் ஓரத்தை ஒட்டி. தட்டைமுகச் சுத்தியல் துளி சாய்ந்து விழுந்தாலும் அதன் விளிம்பு மட்டும் உலோகத்தில் இறங்கும், இறங்கிய இடம் பிறையாகத் தெரியும். 500 கிராம் சுத்தியலின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். தொழிற்சாலையில் சீவிய கூர் அப்படியே இருந்தது.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு குழிக்குள்ளும் மயிரிழை போன்ற இணைகோடுகள். பக்கத்துக் குழியிலும் அதே கோடுகள், அதே இடைவெளியில். சுத்தியலின் உருண்டை முனையைத் திருப்பி லென்ஸில் வைத்தால் அங்கே கிரைண்டர் போட்ட கோடுகள் அச்சாக அதே மாதிரி. செம்பும் வெள்ளியும் மென்மையானவை. எஃகு முகத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒன்று விடாமல் வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் சொன்ன சொரசொரப்பில் பாதி இதுதான். பாலிஷ் போட்டால் போய்விடும் என்று பஃப் சக்கரத்தில் அதிகநேரம் பிடித்திருக்கிறார்கள். அதில் குழிகளின் மேட்டு ஓரங்கள் மழுங்கின, பள்ளத்துக் கோடுகள் அப்படியே தங்கிவிட்டன.

பெரியவர் லென்ஸைத் தொடவே இல்லை. சுத்தியலை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். முகத்தில் விளக்கின் பிம்பம் எங்கே என்று தேடினார். நல்ல சுத்தியலில் அந்த வெள்ளைக் கோடு உடையாமல் ஓடும். இதில் பிம்பமே இல்லை, சாம்பல் நிற மங்கல்தான் தெரிந்தது.

"இந்த மூஞ்சியை வெச்சு அடிச்சா நகை எப்படிங்க அம்மிணி மின்னும்?" என்று மட்டும் கேட்டார்.

"கடையில புதுசாத்தானுங்கய்யா வாங்கினேன்."

"புதுசுங்கறது கடைக்காரனுக்கு. நமக்கு இது இன்னும் சுத்தியே ஆகலை."

கையில் எடுத்த எல்லாவற்றிலும் தோடுகளின் வடிவமும் கெட்டிருந்தது. 35 மில்லிமீட்டராக வெட்டிய வட்டங்கள் 36, 36.5 என்று விரிந்திருந்தன, அதிலும் கோணல். அடிப்பதற்கு முன்பே போட்ட கொக்கித் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தன. இரண்டு காப்புகளின் முனையில் வெடிப்பு. பின்பக்கத்தில் வேறு புள்ளிகள். அடியில் வைத்த ஸ்டீல் பிளாக்கின் மேல் எழுத்து அச்சு குத்தவும் கம்பி வெட்டவும் செய்திருந்தார்கள், அந்தத் தழும்பெல்லாம் காப்பின் உட்புறம் ஏறியிருந்தது. பிளாக் இருந்ததோ பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல். ஒவ்வொரு அடிக்கும் ஸ்டூல் துள்ளியதால் அடியின் பலம் பாதி வீணாகி, அதை ஈடுகட்ட இன்னும் ஓங்கி அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று பட்டறைப் பெண் சொன்னதற்குக் காரணம் 500 கிராம் மட்டுமல்ல.

சோதனைத் தகடு

ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்கள் மாறியிருந்ததால், எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்காமல் புதிய கருவி வாங்கச் சொல்வது சரியாகப் படவில்லை. வகுப்பிலிருந்து பழைய சுத்தியலை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினோம். 20 கேஜ், 22 கேஜ் இரண்டிலும் ஒவ்வொரு பட்டை. பாதியைப் பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கினோம், பாதியை வாங்கியபடியே விட்டோம். மார்க்கரால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு சுத்தியல். அடித்தவர் பட்டறைப் பெண் ஒருவர் மட்டும்.

முடிவு பட்டென்று தெரிந்தது. காய்ச்சிய பாதியில் வகுப்புச் சுத்தியல் இரண்டு தடிமனிலும் மாதிரியை ஒத்த குழியையே கொடுத்தது. ஆகவே தகட்டை மெலிதாக்கியது பெரிய குற்றமில்லை. 100 கிராம் உருண்டை முனை 22 கேஜில் பின்பக்கம் மொட்டு தள்ளியது, பட்டையும் சுருண்டது. காய்ச்சாத பாதியில் எந்தச் சுத்தியலும் தெளிவான குழி போடவில்லை, ஓங்கி அடிக்கத் தோன்றியது.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். குழியின் ஆழம், அதன் அகலத்தின் வர்க்கத்தை முகம் எந்தக் கோளத்தின் பகுதியோ அதன் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். 100 கிராம் சுத்தியலின் உருண்டை வெர்னியரில் 12 மில்லிமீட்டர் விட்டம். அதைக் கொண்டு 3 மில்லிமீட்டர் அகலக் குழி வேண்டுமென்றால் முனை 0.19 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 0.71 மில்லிமீட்டர் தகட்டில் அது கால் பங்குக்கும் மேல். வகுப்புச் சுத்தியலின் முகமோ லேசாகத்தான் புடைத்திருந்தது, 60 மில்லிமீட்டர் விட்டக் கோளத்தின் மேல்தோல் மாதிரி. அதே 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது 0.04 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அகலக் குழிகள், தகட்டுக்கு ஐந்து மடங்கு வித்தியாசம். ஆழமான குழி உலோகத்தைப் பக்கவாட்டில் தள்ளும், ஒரு முகம் மட்டும் விரியும், தகடு கிண்ணமாகும். கிண்ணத்தை நேராக்கத் தட்டை எஃகால் அடித்தபோது பிறைகள் விழுந்தன. தனித்தனிக் குறைகளாகத் தெரிந்தவற்றில் முக்கால்வாசி இந்த ஒரே சங்கிலியில் வந்தவை.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, இருப்பதைச் சீராக்குவதா, புதிதாக வாங்குவதா? வெளிநாட்டிலிருந்து வரும் மெருகேற்றிய பிளானிஷிங் சுத்தியல், அதாவது தகட்டு மேற்பரப்பை அடித்துச் சீராக்கும் சுத்தியல், ஆன்லைனில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் தயங்கியதற்கு அது காரணமில்லை. ஊரில் இத்தனை லேத் பட்டறையும் கிரைண்டரும் இருக்கையில், முகத்தை நமக்கு வேண்டிய வளைவுக்குக் கொண்டுவரும் வேலையை அவர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் இனி எந்தச் சுத்தியலும் அவருக்குப் பழக்கமான கருவியாகிவிடும் என்று நான் வற்புறுத்தினேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி, 200 கிராமுக்குச் சற்றுக் கீழே இருந்த பழைய சுத்தியல் ஒன்றை எடுத்தோம். வாங்குமுன் அரத்தை முகத்தில் இழுத்துப் பார்த்தோம். அரம் கடிக்காமல் வழுக்கினால் எஃகு கடினமாக இருக்கிறது என்று அர்த்தம். மென்மையான சுத்தியலை எவ்வளவு மெருகேற்றினாலும் சீக்கிரமே தழும்பு விழுந்துவிடும்.

ஓர் அட்டையில் காம்பஸால் 30 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு வரைந்து வெட்டி, அதை முகத்தில் வைத்து இடைவெளி பார்த்துப் பார்த்து பெல்ட் கிரைண்டரில் தேய்த்தார். இரண்டு நொடி தேய்த்தால் ஒரு முறை தண்ணீரில் முக்கல். இதில் சோம்பல் கூடாது. எஃகு சூடேறி வைக்கோல் நிறம் வந்து, பிறகு நீலம் வந்துவிட்டால், அது 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, கடினம் போய்விட்டது. அப்புறம் கையால் உப்புத்தாள், எண் கூடக் கூட நைசாகும் வரிசையில்: 220, 400, 600, 1000, 2000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும், முந்தைய தாளின் கோடு முழுக்கப் போனால்தான் அடுத்தது. கடைசியில் தோல் துண்டில் பாலிஷ் கட்டி தடவித் தேய்த்தார். விளிம்பைச் சுற்றிலும் உருட்டிவிட்டார். டியூப் லைட் கோடு உடையாமல் ஓடியது.

500 கிராம் சுத்தியலை நகையில் தொடுவதில்லை என்று முடிவானது. அச்சு குத்த, உளி தட்ட அது இருக்கட்டும். கடினமான அச்சுகளின் தலையில் அடித்த முகம் சீக்கிரம் தழும்பேறும், அதே முகத்தை மறுபடி நகைக்குக் கொண்டுவந்தால் பழைய கதைதான். நேராக்கும் வேலைக்கு ஒரு நைலான் சுத்தியல் வாங்கினார். அது வடிவத்தை மட்டும் திருத்தும், குழிகளைத் தொடாது.

வடிவம் செதுக்கிய மாற்றுமுகச் சுத்தியலை இந்த ஆர்டருக்கு ஒதுக்கிவைத்தோம். அது மோசமான கருவியல்ல. மெல்லிய கோட்டு வடிவம் சின்னப் பதக்கத்தில் அழகாகவே விழுகிறது. ஆனால் முகம் தட்டையாக இருப்பதால் முழுதும் சமமாக இறங்கினால்தான் வடிவம் வரும், சாய்ந்தால் ஒரு மூலை மட்டும் வெட்டும். 35 மில்லிமீட்டர் வட்டம் முழுக்க அப்படிச் சாயாமல் அடிப்பது பழகிய கைக்கே சிரமம்.

ஸ்டீல் பிளாக்கின் ஒரு முகத்தைத் தேய்த்து மெருகேற்றி, நகைக்கு மட்டும் என்று எழுதிவைத்தார்கள். ஸ்டூலுக்குப் பதில், கறிக்கடையில் போடுவார்களே அந்த மாதிரி புளியங்கட்டை ஒன்று வந்தது. அதன் மேல் பிளாக் வைத்து அடித்தபோது சத்தமே மாறியது. முன்பு கேட்ட கிணுகிணுப்பு போய்க் கெட்டியான ஒரே ஓசை. அடியை முன்பைவிட மெதுவாகப் போட்டாலே குழி விழுந்தது.

வேலை வரிசையும் மாறியது. வட்டத்தை 34 மில்லிமீட்டராக வெட்டி, காய்ச்சி, அடித்து, 35 வரை விரியவிடுவது. தகட்டை முதலில் அடித்துவிட்டுப் பிறகு சரியாக 35 வெட்டலாம் என்று நாத்தனார் சொன்னார், அளவுக்கு அதுதான் சுலபமும்கூட. ஆனால் மாதிரியில் அடிபட்டு மெலிந்த ஓரம் ஒரு தனி அழகு. வெட்டிய ஓரம் அந்த மென்மையைத் தராது. அதனால் கடினமான வழியையே எடுத்தோம். துளை போடுவது கடைசிக்குப் போனது.

காப்புக்குக் காய்ச்சுவதில் ஒரு கவனம். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், முனைகளை அகட்டும்போது நடுவில் ஒருமுறை காய்ச்சாவிட்டால் வெடிக்கும். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் காய்ச்சிவிட்டால் காப்பு குழைந்துபோய் கையில் நிற்காது. ஆகவே முனையை அகட்டியதும் காய்ச்சி, பிறகு குழி அடித்து, அந்த இறுக்கத்தோடே நைலான் சுத்தியலால் உருளையில் வளைப்பது. 92.5 வெள்ளியில் 7.5 பங்கு செம்பு இருக்கிறது. காய்ச்சும்போது அது கருத்து மேற்பரப்புக்குள் இறங்கும். அந்தக் கருப்பைத் தேய்த்தெடுத்தால் குழியும் தேயும் என்பதால் காய்ச்சுமுன் வெங்காரக் கரைசல் பூசச் சொன்னார் பெரியவர். பஃப் சக்கரத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளைக் கம்பி பிரஷும் போதும் என்றார். போதுமாகவே இருந்தது. முகம் மெருகாக இருந்தால் குழி விழும்போதே பளபளப்போடு விழுகிறது.

விளைவு

இரண்டாம் முறை அனுப்பிய 40 ஜோடித் தோடுகளையும் கடை எடுத்துக்கொண்டது. விரலால் தடவினால் வழுவழுப்பு. அளவு 34.8க்கும் 35.3க்கும் நடுவில் நின்றது. மெலிந்த தகடு என்பதை யாரும் கவனிக்கவில்லை, கனமில்லாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

காப்புகளில் 15க்கு 12 தேறின. மூன்று திரும்பின. அவற்றில் கீறலோ வெடிப்போ இல்லை. ஒரு பாதியில் குழிகள் நெருக்கமாகவும் மறுபாதியில் கலைந்தும் இருந்தன. விசாரித்தால், அவசரத்தில் அந்த மூன்றையும் அவரும் நாத்தனாரும் ஆளுக்கொரு முனையிலிருந்து அடித்திருக்கிறார்கள். ஒரே சுத்தியல், ஒரே வெள்ளி. கை வேறு.

ஒரு ஜோடிக்கு ஆகும் நேரம் கூடியது, காய்ச்சுவதும் ஆறவிடுவதும் சேர்ந்ததால். ஆனால் பாலிஷுக்கு முன்பு போன நேரத்தில் பெரும்பகுதி மிச்சமானது. மணிக்கட்டு வலி சில வாரங்களில் குறைந்தது. திரும்பிவந்த முதல் தவணைச் செம்பு பழைய விலைக்குத்தான் போகும் என்பதால் விற்காமல் பழகுவதற்கு வைத்துக்கொண்டார்கள். அந்த நஷ்டம் அவருடைய இரண்டு மாத வருமானத்தைத் தின்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது லேசான அடி இல்லை.

இனி மாற்றுவது

மாதிரி செய்யும்போதே அதோடு சேர்த்து ஒரு துண்டுத் தகட்டில் அதே சுத்தியலால் நாலு குழி அடித்து, பின்னால் மார்க்கரால் தடிமன், எந்தச் சுத்தியல், எந்த முகம், காய்ச்சியதா என்று எழுதி வைப்பதை அவர் வழக்கமாக்கிவிட்டார். இரவல் கருவியில் மாதிரி செய்து விலை பேசுவதில்லை. ஆர்டர் கிடைத்த பிறகு தகட்டின் தடிமனை மாற்றத் தோன்றினால் முதலில் ஒரு ஜோடி செய்து அனுப்பிக் கேட்பது.

சுத்தியல் முகங்களுக்கு எண்ணெய் தடவி, தோல் உறை போட்டுத் தொங்கவிடுகிறார்கள். ஈரக்கையும் புளித்தண்ணீரும் பட்டால் ஒரே ராத்திரியில் துருப்புள்ளி வந்துவிடும், அந்தப் புள்ளி அடுத்த நாள் நகையில் இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது முறையான இயர் பிளக் போடுகிறார்கள். மூடிய அறையில் எஃகின்மேல் எஃகு அடிக்கும் சத்தத்துக்குப் பஞ்சு போதாது. சுத்தியலைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் விளையாட்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், கடின எஃகு சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும்.

இரண்டு கை விவகாரம் மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒரு பொருளை ஒருவரே முடிப்பது, ஜோடியாக இருந்தால் இரண்டையும் அவரே செய்வது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறார்கள். நாத்தனாரின் கைக்கு இன்னும் எடை குறைந்த, 150 கிராம் அளவில் அதே வளைவுள்ள சுத்தியல் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். அதே 30 மில்லிமீட்டர் ஆர அட்டையைத்தான் வைத்துத் தேய்க்கிறார்கள். முகம் முடிந்ததும் இருவரும் ஒரே பட்டையில் பாதிப்பாதி அடித்துப் பார்ப்பார்கள். குழிகள் ஒத்துவந்தால் அடுத்த காப்பு ஆர்டரைப் பிரித்துக்கொள்வதாகத் திட்டம்.